எழுபத்தாறு கிராம்

அத்தியாயம் 11

செத்தவர்களுக்குத்தான் தலை முழுகுவார்கள். துர்காதேவி உயிரோடு வாசலில் நின்றுகொண்டிருக்கும்போதே அவள் அண்ணன் குமாரவேல் அவளுக்குத் தலை முழுகினான்.

ஓரிக்கையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் இளவரசனை, சாதி விட்டுச் சாதி, பதிவாளர் அலுவலகத்தில் கட்டிக்கொண்டு வந்து நின்ற நாள் அது. இரண்டு வருடம் ஓடிவிட்டது. பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டு வாசற்படியை அவள் அப்புறம் மிதிக்கவில்லை.

ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பது அவள்தான். ஜூன் மாதத்திலிருந்து நடக்கும் கூத்து இது. தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்த பள்ளியில், ஏழாம் வகுப்பில், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அண்ணன் மகள் புவனேஸ்வரி. ஒரு நாளும் அவளை ‘அத்தை’ என்று கூப்பிட்டதில்லை. ‘டீச்சர்’தான். வீட்டு உத்தரவு அப்படி.

புவனாவுக்குப் பிறகு பன்னிரண்டு வருடம் கழித்து அண்ணிக்குக் குறைமாதத்தில் ஆண் குழந்தை பிறந்ததைக்கூட துர்கா, பள்ளிக்கூடத்து ஆயாம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். போய்ப் பார்க்க முடியாது. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

இன்று திங்கட்கிழமை.

கரும்பலகையில் இரண்டு எண்களை எழுதினாள். 0.3. பக்கத்தில் 0.25.

“எது பெரிசு?”

முப்பத்து நான்கு பிள்ளைகள். முப்பத்தோரு கை இருபத்தைந்துக்கு உயர்ந்தது.

துர்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. பிள்ளைகள் மேல் இல்லை. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை ‘இருபத்தைந்து’ என்று முழு எண்ணாகப் படிக்கப் பழக்கிவிட்டு, தப்பாகப் போட்டால் முட்டி போட வைக்கிறார்களே, அந்த மனிதர்கள் மேல்.

“ஏன் இருபத்தஞ்சு பெரிசு?”

“டீச்சர், இருபத்தஞ்சு ரன்னு பெருசா, மூணு ரன்னு பெருசா?” தனுஷ் கேட்டான். வகுப்பே சிரித்தது.

மேஜை மேல் போன் அடித்தது. பெயரில்லாத நம்பர். வெள்ளிக்கிழமையும் இரண்டு தடவை இதே நம்பர். ‘லோன் வேணுமா மேடம்’ கும்பல்தான், வேறு யார்? எடுக்காமலே சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, ஒரு மீட்டர் நீளக் காகிதப் பட்டையைக் கையில் எடுத்தாள்.

“இது ஒண்ணு. முழுசு. இப்ப இதைப் பத்தா வெட்டறேன். ஒரு துண்டு என்ன?”

“பத்தில் ஒண்ணு, டீச்சர்.”

“அதுல ஒரு துண்டை எடுத்து இன்னும் பத்தா வெட்டறேன். இந்தச் சின்னத் துண்டு?”

முழுப் பட்டையில் இப்படி எத்தனை சின்னத் துண்டு வரும் என்று கேட்டதும், ஜன்னல் ஓரத்திலிருந்து ஒரு குரல்: “நூறு டீச்சர். அப்போ நூறில் ஒண்ணு.”

“இப்ப 0.3 எடு. புள்ளிக்கு அடுத்த இடம் பத்தில் ஒண்ணோட இடம். பெரிய துண்டு மூணு. 0.25 எடு. பெரிய துண்டு ரெண்டு, சின்னத் துண்டு அஞ்சு. தனுஷ், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெய்யி.”

தனுஷ் வைத்தான். குனிந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

“மூணுதான் டீச்சர் நீட்டு.”

“இருபத்தஞ்சு ரன் எங்க போச்சு?”

“அவுட்டு டீச்சர்.” சிரிப்பு. உடனே அவனே மறுபடியும் கை தூக்கினான். “ஆனா டீச்சர், ஓவர்ல அப்படி இல்லியே? 4.5 ஓவருக்கு அப்புறம் இன்னொரு பால் போட்டா 4.6 ஆவாது. அஞ்சு ஆயிடும்.”

துர்காவுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. “சரியா கேட்ட. ஓவர்ல வர்றது தசமப் புள்ளியே இல்ல. ஓவரையும் பாலையும் பிரிக்கிறதுக்கு வெச்ச புள்ளி. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வேலை வேற.”

மூன்றாவது பெஞ்சில் புவனா எழுந்து நின்றாள். அவளாக வகுப்பில் எழுந்து பேசுவது இதுதான் முதல் தடவை.

“டீச்சர், பேப்பருக்கு வேணா நீங்க சொல்றது சரியா இருக்கலாம். நிஜத்துல அப்படி இல்ல.”

“நிஜத்துல எப்படி?”

புவனா பலகைக்கு வந்தாள். சாக்பீஸை வாங்கி, 1.9 என்று எழுதினாள். அதன் கீழே 1.85.

“இது எங்க தம்பிப் பாப்பா, டீச்சர். ஆஸ்பத்திரியிலேருந்து ஊட்டுக்கு அனுப்பும்போது ஒண்ணு ஒம்பது. போன புதன்கிழமை காட்டப் போனப்ப ஒண்ணு எண்பத்தஞ்சு. எழுபத்தாறு கிராம் ஏறியிருக்கான். அப்பா சக்கரைப் பொங்கல் செய்யச் சொல்லி, தெருவுக்கே குடுத்தோம்.” சாக்பீஸ் தூளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். “நீங்க சொல்றபடி பார்த்தா எங்க தம்பி இளைச்சிட்டான்னு வரும். அது எப்படி டீச்சர்?”

வகுப்பு சிரித்தது.

துர்கா சிரிக்கவில்லை. அவள் கண் பலகையிலேயே நின்றுவிட்டது. 1.9. பத்தில் ஒன்றின் இடத்தில் ஒன்பது. 1.85. பத்தில் ஒன்றின் இடத்தில் எட்டு.



“தம்பி நல்லா அழறானா புவனா?” தன் குரலே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“அழவே மாட்டான் டீச்சர். எந்நேரமும் தூங்கிக்கினே இருப்பான். பால் குடுக்கச் சொல்லவே தூங்கிடுவான். தங்கமான புள்ளைன்னு எல்லாரும் சொல்றாங்க.”

கையிலிருந்த காகிதத் துண்டுகள் தரையில் விழுந்தன. யார் பொறுக்கி அவள் பைக்குள் போட்டார்கள் என்று துர்கா பார்க்கவில்லை.

தலைமையாசிரியை ஜெயம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“நீ டெம்பரரி, துர்கா. ஸ்கூல் நேரத்துல புள்ளையைக் கூட்டிக்கினு போற. அவங்க அப்பன் எப்படிப்பட்ட ஆளுன்னு உனக்குத் தெரியும். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா முதல்ல உன் வேலைதான் போகும்.”

“போகட்டும் மேடம்.”

ஜெயம்மாள் வருகைப் பதிவேட்டைத் திறந்து, அதில் ஏதோ படிப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். “நான் எதையும் பார்க்கல. போ.”

புவனாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டும்போதே இளவரசனுக்குப் போன் போட்டாள்.

“எங்க இருக்க?”

“பஸ் ஸ்டாண்டு. ஒரு ஆளு குறையுது. ஏறினதும் கிளம்பிடுவேன்.”

“எல்லாரையும் இறக்கு. பிள்ளையார்பாளையம் வா. எங்க அண்ணன் வீட்டுக்கு.”

அந்தப் பக்கம் குரல் தாழ்ந்தது: “அடிச்சிட்டாரா?”

“வாய்யா நீ.”

தெரு முழுக்கத் தறிச் சத்தம். எந்த வீட்டுத் தறி எந்தத் தாளத்தில் அடிக்கும் என்று அவள் காதுக்குத் தெரியும். ஆறாவதாக இருந்த அண்ணன் வீட்டுச் சத்தத்தில், வாசலில் அவள் நிழல் விழுந்ததும் ஒரு அடி தவறியது. அப்புறம் மறுபடியும் சேர்ந்துகொண்டது.

குமாரவேல் தறிக் குழியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“கமலா, ஊட்டுக்கு டீச்சரம்மா வந்துக்கிறாங்க. புவனா என்னா தப்பு பண்ணாளாம், கேட்டு அனுப்பு.”

கமலவேணி உள்ளறையிலிருந்து வந்தாள். கையில் பிள்ளையைச் சுற்றிய துணிச் சுருள். நாத்தனாரைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் திறந்து, உடனே மூடிக்கொண்டது.

“அண்ணி, அட்டையைக் குடுங்க. ஆஸ்பத்திரி அட்டை.”

“எதுக்காம்?” என்றான் குமாரவேல், தறியைப் பார்த்து.

“பிள்ளை எடை குறைஞ்சிருக்கான்.”

தறி நின்றது.

“வாயைக் கழுவச் சொல்லு கமலா. எழுபத்தாறு கிராம் ஏறியிருக்குதுன்னு சொல்லு. கண்ணு வெக்கறதுக்குன்னே வந்துக்கினாங்களா?”

துர்கா இனிக் காத்திருக்கவில்லை. சாமி அலமாரியில் எது எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அட்டையை எடுத்தாள். நீல மையில் தெளிவாக இருந்தது. 1.9. அடுத்த வரியில் 1.85, அதற்குப் பக்கத்திலேயே ‘வெள்ளி அவசியம் வரவும்’.

“வெள்ளிக்கிழமை போனீங்களா?”

கமலவேணி தலையை ஆட்டினாள். இல்லை.

“ஏறின புள்ளையை எதுக்குத் தூக்கிக்கினு போய் அந்தக் கூட்டத்துல நிக்கணும்?” குமாரவேல் இப்போது நேராக அவளிடமே கத்தினான். இரண்டு வருடத்தில் முதல் வார்த்தை. “எனக்கா எடை தெரியாது? தாத்தா காலத்துலேருந்து பட்டு நிறுக்கிற ஊடு இது. ஒரு கிராம் தப்பினது உண்டா?”

சுவரில் ஆணியடித்துத் தொங்கிய நோட்டை எடுத்து அவள் முன்னால் எறிந்தான்.

அந்த நோட்டை அவளுக்குத் தெரியும். நெடுக்கே ஓடும் பாவுக்கும் குறுக்கே ஓடும் ஊடைக்கும் வந்த பட்டு எவ்வளவு, சேலையாகத் திரும்பிப் போனது எவ்வளவு என்று நாள் போட்டு எழுதுவது. தராசு 1.009 என்று காட்டினால் இந்த வீட்டில் ‘ஒண்ணு ஒம்பது’ என்பார்கள். அதையே 1.9 என்று எழுதுவார்கள். 1.085 என்றால் 1.85. நடுவில் வரும் பூஜ்யத்துக்கு இந்த வீட்டில் வேலையே கிடையாது. புள்ளிக்கு இந்தப் பக்கம் கிலோ, அந்தப் பக்கம் கிராம். அவ்வளவுதான் சட்டம். மூன்று தலைமுறையாக அதில் ஒரு பிசகும் வந்ததில்லை.

இதே மாதிரி எழுதித்தான் துர்காவும் ஏழாம் வகுப்பில் கணக்கில் முட்டை வாங்கினாள். ‘தறிக்காரப் புத்தி’ என்று நோட்டை ஜன்னல் வழியாக எறிந்தார் அன்றைய வாத்தியார். ஏன் தப்பு என்று சொல்லவில்லை. கல்லூரிக்குப் போய்த்தான் அவளுக்கே விளங்கியது. இந்த வீட்டின் முதல் பட்டதாரி. விளங்கிய பிறகு இந்த நோட்டைப் பார்த்து மனசுக்குள் சிரித்திருக்கிறாள். ஒரு நாளாவது அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறாளா? இல்லை.

“உன் நோட்டுல தப்பு இல்லண்ணா,” என்றாள். இப்படி ஆரம்பிப்பாள் என்று அவளே நினைக்கவில்லை. “ஆனா அந்த அட்டை உன் நோட்டு இல்ல. அங்க புள்ளிக்கு அப்புறம் வர்றது கிராம் இல்ல. பத்தில் ஒண்ணு. 1.9-ன்னா ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம்.”

“தொள்ளாயிரமா?” குமாரவேல் சிரித்தான். “அந்தப் புள்ளையைப் பார்த்தா ரெண்டு கிலோ மாதிரியா இருக்குது? ஒரு கிலோ புள்ளைன்னு இந்தத் தெருவே வந்து பார்த்துட்டுப் போச்சு.”

“தராசை எடு.”

“என்னாது?”

“உன் தராசை எடுண்ணா. நீ நம்புற தராசு.”

குமாரவேல் அசையவில்லை. “பட்டு வெக்கிற தட்டுல புள்ளையை வெக்கறதா? பொட்டு வெச்ச தராசு அது.”

எடுத்தது கமலவேணி. பிள்ளையைப் புவனாவிடம் கொடுத்துவிட்டு, அலமாரி மேலிருந்து எலக்ட்ரானிக் தராசை இறக்கினாள். பழைய வேட்டித் துணியை நான்காக மடித்துத் தட்டில் விரித்தாள். பொத்தானை அழுத்தினாள். 0.000 என்று நின்றது. புருஷனோடு உட்கார்ந்து எத்தனை வருடம் பட்டு நிறுத்திருப்பாள்?

சுருளைப் பிரித்தாள்.

துர்கா அப்போதுதான் மருமகனை முதன்முதலாகப் பார்த்தாள். தொடையில் தோல், வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டது போல மடிமடியாகத் தொங்கியது. துணியை எடுத்ததற்கும், தட்டில் கிடத்தியதற்கும் அவன் கண்ணைத் திறக்கவில்லை. வாய் மட்டும் ஒரு தடவை கோணியது. அழ நினைத்து, முடியாமல் விட்டுவிட்டான்.

சிவப்பு எண்கள் ஓடி நின்றன.

“ஒண்ணு... எழுநூத்தி எண்பது,” புவனா படித்தாள்.

குமாரவேலின் முகம் மலர்ந்தது. “பார்த்தியா! எண்பத்தஞ்சு கிராம் இருந்தவன் எழுநூத்தி எண்பது ஆயிட்டான்! அஞ்சே நாள்ல எழுநூறு கி...”

வார்த்தை பாதியில் நின்றது.

முப்பது வருடமாகப் பட்டைத் தூக்கித் தூக்கிப் பழகிய கை அவனுடையது. அஞ்சு நாளில் எழுநூறு கிராம் எந்தப் பிள்ளைக்கும் ஏறாது என்று, படித்தவர்கள் வந்து அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“அப்பா,” என்றாள் புவனா. அதே நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பென்சிலால் எழுத ஆரம்பித்தாள். “அட்டையில போட்டதை நம்ம தராசு மாதிரி எழுதணும்னா, மூணு இடத்தையும் ரொப்பணும்பா. இல்லாத இடத்துல, கடைசில, பூஜ்யம்.”

1.900
1.850
1.780

எழுதி முடித்தவள் பென்சிலைக் கீழே வைக்க மறந்துவிட்டாள். தான் எழுதியதைத் தானே பார்த்துக்கொண்டு நின்றாள். வகுப்பில் அவளேதான் கேட்டாள், ‘எங்க தம்பி இளைச்சிட்டான்னு வரும், அது எப்படி டீச்சர்’ என்று.

“நூத்தி இருபது,” என்றான் குமாரவேல்.

வலது உள்ளங்கையைத் திருப்பி, காற்றில் ஒரு பட்டு நூல் கண்டைத் தாங்குவது போலக் கொஞ்சம் ஏற்றி இறக்கினான். நூற்றிருபது கிராம் எவ்வளவு என்று அந்தக் கைக்குத் தெரியும்.

“நான் பொங்கல் வெச்சு ஊருக்குக் குடுத்தேனே,” என்றான். அவன் வயதுக்குச் சம்பந்தமில்லாத குரல்.

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

பின் சீட்டில் கமலவேணி, பிள்ளை, துர்கா, நடுவில் இடுக்கிக்கொண்டு புவனா. முன்னால், டிரைவர் சீட்டு ஓரத்தில், அரை உடம்பு வெளியே தொங்க, குமாரவேல். இரண்டு வருடத்துக்கு முன்னால் எந்த வாசலில் எவனைச் செருப்பைக் காட்டி விரட்டினானோ, அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது உட்கார வேண்டியிருந்தது. வேறு பிடி இல்லை.

“இறுக்கிப் புடிச்சிக்கோங்க மச்சான்,” என்றான் இளவரசன். ‘மச்சான்’ அவன் வாயில் தானாக வந்துவிட்டது. குமாரவேல் பிடியை விடவில்லை.

கமலவேணி குனிந்து, துர்காவின் காதருகில் பேசினாள்.

“கைக்குத் தெரிஞ்சிது துர்கா. நாளுக்கு நாள் லேசாயிக்கினே வந்தான். சொன்னேன். அட்டையைக் காட்டினாரு. ‘உன் கை பொய் சொல்லும், நம்பர் பொய் சொல்லாது’ன்னாரு. நான் அஞ்சாவதுதான். நம்பர் கிட்ட எப்படி சண்டை போடறது?”

துர்காவுக்குள் ஏதோ கொதித்து மேலே வந்தது. பெற்றவளின் கை சொன்னதை ஒரு துண்டு அட்டையைக் காட்டி அடக்கியிருக்கிறான். அவன் பிடறி கண் முன்னால்தான் இருந்தது. இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள் எல்லாம் தொண்டையில் வந்து வரிசை கட்டின. பிள்ளை உள்ளே போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்கிய டாக்டர் பெண், துர்கா வயதுதான் இருப்பாள். காலைச் சுண்டினாள். மறுபடியும் சுண்டினாள். அவன் அழவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது.

அரை மணி கழித்து வெளியே வந்தாள்.

“உறிஞ்சிக் குடிக்கவே பலம் இல்ல. அதனாலதான் தூங்கிக்கிட்டே இருந்திருக்கான். மூக்கு வழியா டியூப் போட்டுப் பால் குடுக்கறோம். சர்க்கரை ரொம்ப இறங்கியிருக்கு. நாப்பத்தெட்டு மணி நேரம் போகணும். அதுக்கு முன்னாடி என்னை எதுவும் கேட்காதீங்க.” நிறுத்தி, குமாரவேலைப் பார்த்தாள். “இன்னும் ரெண்டு நாள் வீட்ல வெச்சிருந்தீங்கன்னா, என்கிட்ட கொண்டு வர வேண்டிய வேலையே இருந்திருக்காது.”

கமலவேணி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். புவனா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். எழுதிய பென்சில் இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு வார்டு சிஸ்டர் வந்தார். கையில் பதிவேடு. கோபத்தில் மூச்சு வாங்கியது.

“யாரும்மா இந்தக் குழந்தைக்கு வீட்டு ஆளு? வெள்ளிக்கிழமை வரச் சொன்னா வர மாட்டீங்க. சரி, போன் பண்ணா எடுக்கவாவது செய்யணும்ல? வெள்ளிக்கிழமை ரெண்டு தரம் பண்ணேன். இன்னிக்குக் காலைல ஒரு தரம். மூணு தரமும் கட் பண்ணா என்ன அர்த்தம்?”

தொண்டையில் வரிசை கட்டி நின்ற வார்த்தைகளுக்கு வழி கிடைத்துவிட்டது.

“கட் பண்ணியா?” துர்கா அண்ணனைப் பார்த்துத் திரும்பினாள். நடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். “ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிட்டாக்கூட எடுக்க முடியாத அளவுக்கு உனக்குத் தறி முக்கியமா? உன் திமிருதான்டா அந்தப் புள்ளையை உள்ள படுக்க வெச்சிருக்குது! அப்படி போனைக் கட் பண்ணவன் எல்லாம் மனுஷனா?”

‘டா’ போட்டுவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவை. குமாரவேல் அதைக் கவனிக்கவே இல்லை. திகைத்துப் போயிருந்தான்.

“எனக்குப் போனே வரலியே,” என்றான். “சாமி சத்தியமா வரல. சிஸ்டர், எந்த நம்பருக்குப் பண்ணீங்க?”

“அட்மிஷன் அன்னிக்கு அந்தம்மா சொன்ன நம்பர்தான்.” சிஸ்டர் பேனாவால் தரையில் உட்கார்ந்திருந்த கமலவேணியைக் காட்டினார். “அவசரத்துக்கு யாருன்னு கேட்டேன். மனப்பாடமா சொன்னாங்க.”

கமலவேணி தலை நிமிரவில்லை.

“சொல்லுங்க சிஸ்டர்.” குமாரவேல் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். சிஸ்டர் ஒவ்வொரு எண்ணாகப் படிக்க, அவன் ஒவ்வொன்றாக அழுத்தினான்.

நான்காவது எண்ணிலேயே துர்கா தோள் பையை இறுக்கிப் பிடித்தாள். ஆறாவது எண்ணில், இளவரசன் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தான். இல்லை, வேறு யாருக்காவது இதே மாதிரி இருக்கும். கடைசி எண் மாறிவிடும். மாறிவிட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணன் போனிலிருந்து அழித்துப் போட்ட நம்பரை, அண்ணி எதற்காக நெஞ்சுக்குள் வைத்திருக்கப் போகிறாள்?

சிஸ்டர் பத்தாவது எண்ணைப் படித்தார். அது மாறவில்லை.

குமாரவேல் போனைக் காதில் வைத்தான்.

இரண்டு நொடி எதுவும் இல்லை. அப்புறம், துர்காவின் தோளில் தொங்கிய பைக்குள், காகிதத் துண்டுகளுக்கும் சாக்பீஸ் டப்பாவுக்கும் நடுவில், மணி அடிக்க ஆரம்பித்தது.

அண்ணன் திரும்பினான். புவனா பையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

“அத்தை?” என்றாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை சிவப்புப் பொத்தானை அழுத்தத் துர்காவின் கை எழவில்லை.